மைனஸ் எந்தப் பக்கம்?

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். "பழைய ஹாஸ்டல் நினைவுகளை எல்லாரும் எழுதிட்டாங்க சார், நீங்க வேற ஏதாவது எழுதுங்க" என்றார் செயலாளர். வரலாறு என்றதும் பழவேற்காட்டு டச்சுக்காரர்களைப் பற்றியோ, திருத்தணி மலைப்படிகளைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்த வரலாறு இரண்டே அணுக்கள் கொண்ட ஒரு மூலக்கூறின் வரலாறுதான். அதை நம் கல்லூரி மலரில் எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. நான் இங்கே ஒரு கடன் பாக்கி வைத்திருக்கிறேன்.

1993ஆம் ஆண்டு. அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஓர் ஆலையில் கெமிஸ்டாக இருந்தேன். இரும்புத் தாதையும் நிலக்கரியையும் நீண்ட உருளைச் சூளையில் சுட்டு, பஞ்சு இரும்பு எடுக்கிற தொழில் அது. ஆயிரம் டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுதான் தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு இரும்பை விடுவிக்கிறது. எங்கள் பிழைப்பே அந்த வாயுவால்தான் நடந்தது. அதே வாயுதான் ஒரு இரவு ஷிப்டில், சூளையின் புகைப்பாதையைச் சுத்தம் செய்யப் போன ஒரு ஃபிட்டரைச் சாய்த்தது. நிறம் கிடையாது, நெடி கிடையாது, கண் எரியாது. "தலை கொஞ்சம் வலிக்குதுண்ணே" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நல்ல வேளையாக வெளியே இழுத்துப் போட்டு, ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தோம். அதற்குப் பிறகு தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வகுப்பைக் கேள்விப்பட்டுத்தான் நம் வேதியியல் மன்றத்தில் பேச என்னை அழைத்தார்கள்.

பழைய மாணவன் தொழிற்சாலையிலிருந்து வந்து பேசுகிறான் என்றால் ஒரு மிடுக்கு வந்துவிடும் அல்லவா? கரும்பலகையில் பெரிதாக வரைந்தேன். கார்பன் மேல் ப்ளஸ், ஆக்சிஜன் மேல் மைனஸ். ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர் ஆற்றல் 3.5, கார்பனுக்கு 2.5, ஆகவே எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கம் என்று விளக்கினேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து மூன்றாமாண்டு மாணவி ஒருவர் எழுந்தார்.

"சார், ரத்தத்துல இரும்போட ஒட்டுறது கார்பன் பக்கம்தானே? அப்படின்னா கார்பன்தானே மைனஸா இருக்கணும்?"

"இல்லம்மா, கவர் ஆற்றல் அட்டவணையைப் பாத்துட்டு வந்து கேளு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

தவறு என்னுடையது. கார்பன் மோனாக்சைடில் மைனஸ் முனை கார்பன்தான். இது தெரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கன்னிமாரா நூலகத்தில் வேறு எதற்காகவோ ஒரு பௌதிக வேதியியல் நூலைப் புரட்டியபோது அடிக்குறிப்பு ஒன்றில் இருந்தது. நின்ற இடத்திலேயே முகம் சூடாகிவிட்டது. அறிவியல் உலகத்துக்கே இது தெளிவாகத் தெரிய 1958 வரை ஆனது என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதல். ஆனால் நான் பேசியது 1993இல்.

சரி, கதைக்கு வருவோம்.

1776இல் பிரான்சில் லாசோன் என்ற வேதியியலாளர் துத்தநாக ஆக்சைடைக் கரியுடன் சூடாக்கி இந்த வாயுவைத் தயாரித்தார். நீலச் சுடருடன் எரிந்ததால் ஹைட்ரஜன் என்று நினைத்துவிட்டார். அது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்று 1800ஐ ஒட்டி இங்கிலாந்தின் குரூயிக்‌ஷாங்க் காட்டினார். அடுத்த நூறாண்டில் இதன் குணங்கள் பல தெரிந்தன. 1890இல் லுட்விக் மாண்டின் குழு நிக்கலுடன் இது சேர்ந்து எளிதில் ஆவியாகும் திரவமாவதைக் கண்டது. உலோகம் ஆவியாகப் பறக்கும் என்று அதற்கு முன் சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? அதே 1890களில் ஹால்டேன், ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைவதை ஆராய்ந்தார். சோதனைக்கு அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் தன் உடம்பையே. சுரங்கத்துக்குள் சிறு பறவையைக் கூண்டில் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான்.

1919இல் அமெரிக்காவின் லாங்மியூர் வேறொரு விஷயத்தைக் கவனித்தார். நைட்ரஜன் மூலக்கூறையும் கார்பன் மோனாக்சைடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. இரண்டிலும் 14 எலக்ட்ரான்கள். இரண்டின் மூலக்கூறு எடையும் 28. நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 195.8 டிகிரியில், இது மைனஸ் 191.5இல். நைட்ரஜனில் இரு பக்கமும் ஒரே அணு. மின்சுமை சரிசமமாகப் பரவியிருப்பதில் வியப்பில்லை. இங்கேயோ ஒரு பக்கம் கார்பன், மறு பக்கம் ஆக்சிஜன். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு ஒற்றுமை?

இதை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அதை 1912இல் தந்தவர் பீட்டர் டிபை. சில மூலக்கூறுகளில் ப்ளஸ் சுமையின் மையமும் மைனஸ் சுமையின் மையமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, அவை சின்ன மின் இருமுனைகள் என்றார். சுமையையும் தூரத்தையும் பெருக்கினால் இருமுனைத் திருப்புத்திறன். அதன் அலகுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தண்ணீருக்கு 1.85 டிபை, அம்மோனியாவுக்கு 1.47. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் உள்ள ஃபார்மால்டிஹைடுக்கு 2.33. அப்படியானால் கார்பன் மோனாக்சைடுக்கும் இரண்டு, மூன்று டிபை இருக்க வேண்டும். 1920களின் இறுதியில் அளந்து பார்த்தால் வந்தது சுமார் 0.1தான்! முனைகளில் நிற்கும் சுமையாக அதை மாற்றிக் கணக்கிட்டால் ஓர் எலக்ட்ரானில் நூற்றுக்கு இரண்டு பங்கு. கடையில் தராசு முள் லேசாக நடுங்குமே, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் இருவரைச் சொல்ல வேண்டும். ராமனைத் தெரியாதவர்கள் இல்லை. கே.எஸ். கிருஷ்ணனை நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. நாம் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கே மதிய உணவு இடைவேளையில் அவர் நடத்திய கேள்வி பதில் கூட்டத்துக்கு மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்து குவிவார்களாம். யாரும் எதையும் கேட்கலாம். (அந்தக் கூட்டத்தில் ஒரு மாணவியை "அட்டவணையைப் பார்" என்று அவர் உட்கார வைத்திருக்க மாட்டார்.) 1920இல் கல்கத்தா போனார். அங்கே பௌபஜார் தெருவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

ராமன் விளைவு 1928 பிப்ரவரி 28இல். அதில் கிருஷ்ணனின் கை எவ்வளவு என்பது தனிக் கதை. நான் சொல்வது அதற்கு முந்தைய ஆண்டு. 1927இல் இருவரும் சேர்ந்து லண்டனின் ஃபிலசாபிகல் மேகசின் இதழில் மூலக்கூறுகளின் மின் இருமுனைத் தன்மையைப் பற்றி எழுதினார்கள். ஒரு வாயுவையோ திரவத்தையோ மின்புலத்தில் வைத்து ஒளியைச் செலுத்தினால், புலத்தின் திசையில் ஒரு வேகமும் குறுக்கே வேறு வேகமுமாக ஒளி பிரிந்துபோகும். 1875இல் கெர் கண்டுபிடித்தது. மின்புலத்தில் இருமுனை மூலக்கூறுகள் கொஞ்சம் திரும்பி நிற்கப் பார்க்கின்றன. மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒளியை ஏற்பதில்லை. இந்த இரண்டையும், மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளியைப் பற்றித் தாங்கள் சேர்த்து வைத்திருந்த அளவுகளோடு முடிச்சுப் போட்டார்கள். மின் இருமுனை மூலக்கூறின் எந்த அச்சை ஒட்டிப் படுத்திருக்கிறது என்பதை ஒளியைக் கொண்டே கணிக்க வழி கிடைத்தது. கையில் இருந்தவை கண்ணாடிக் குழாய்களும் கல்கத்தா வெயிலும்தான்.

ஆனால் கெர் முறையில் ஒரு குறை, டிபை முறையிலும் அதே குறை. இவற்றில் வருவது திருப்புத்திறனின் வர்க்கம். ப்ளஸ் மூன்றின் வர்க்கமும் ஒன்பது, மைனஸ் மூன்றின் வர்க்கமும் ஒன்பது. இருமுனை எவ்வளவு பெரியது, எந்த அச்சில் இருக்கிறது என்று தெரியும். எந்த நுனி மைனஸ் என்று தெரியாது. அதனால்தான் முப்பது ஆண்டுகள் எல்லாரும் அவரவர் உள்ளுணர்வை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளுணர்வும் ஒன்றாக இல்லை. 1932இல் கவர் ஆற்றல் அட்டவணையைத் தந்த பாலிங்கைப் பின்பற்றினால் ஆக்சிஜன் மைனஸ். லூயிஸ் முறையில் புள்ளி வைத்து எழுதினால் மூன்று பிணைப்பு வருகிறது. அந்த ஆறு எலக்ட்ரான்களில் ஆக்சிஜன் போட்ட முதலீடு நான்கு, கார்பன் போட்டது இரண்டு. பாகம் பிரிக்கும்போதோ ஆளுக்கு மூன்று. கணக்குப் பார்த்தால் ஆக்சிஜனுக்கு நஷ்டம், கார்பனுக்கு லாபம். அதாவது கார்பன் மைனஸ். பாலிங்கே இதை, ஒன்றுக்கொன்று எதிரான அமைப்புகள் கலந்து ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்வதாக விளக்கினார். சுமை ஏன் சிறிது என்பதற்கு அது நல்ல விளக்கம். எந்தப் பக்கம் மிச்சம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

1958இல் அதற்கு விடை வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளம், நெதர்காட், டவுன்ஸ் மூவரும் செய்த சோதனை அது. டவுன்ஸ் என்றால் பின்னால், 1964இல், மேசர் லேசர் வேலைக்காக நோபல் வாங்கிய அதே டவுன்ஸ். சோதனையின் அழகை நம் ஊர் சிலம்பக் கம்பை வைத்துச் சொல்கிறேன். ஒரு கம்பின் இரு நுனியிலும் விளக்கு கட்டிச் சுழற்றுங்கள். நடுவில் பிடித்தால் இரண்டு விளக்கும் ஒரே அளவு வட்டம் போடும். பிடியை ஒரு நுனிப் பக்கம் தள்ளிப் பிடித்தால் அந்த நுனியின் வட்டம் சிறுக்கும், எதிர் நுனியின் வட்டம் பெருக்கும். சுழலும் மின்சுமை என்பது ஒரு சின்ன மின்னோட்ட வளையம், ஆகவே அது ஒரு காந்தம். வட்டம் மாறினால் காந்தமும் மாறும். சுழலும் மூலக்கூறுக்குப் 'பிடி' அதன் எடை மையம். கார்பன் அணுவுக்குப் பதில் அதன் கனமான ஐசோடோப்பைப் போட்டால், வேதியியல் ரீதியாக எதுவும் மாறாது, பிடி மட்டும் கார்பன் பக்கம் நகரும். ஐசோடோப்பை மாற்றி மாற்றிக் காந்தத்தன்மையின் நுண்ணிய வேறுபாட்டை அளந்தார்கள். இதில் வர்க்கம் எடுக்கும் தொல்லை இல்லை. ப்ளஸ், மைனஸ் நேராகத் தெரியும். கார்பன்தான் மைனஸ் என்று வந்தது.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா? எப்படி ஒப்புக்கொள்வார்கள்? அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. 1965இல் வினிஃப்ரெட் ஹுவோ என்ற பெண் விஞ்ஞானி அன்றைய சிறந்த முறையான ஹார்ட்ரி - ஃபாக் முறையில் இந்த மூலக்கூறை மிகக் கவனமாகக் கணித்தார். வந்த விடை சுமார் 0.27 டிபை, அதுவும் ஆக்சிஜன் மைனஸ்! மூலக்கூறின் மொத்த ஆற்றல் 99 சதவீதத்துக்கு மேல் சரியாக வருகிறது, ஆனால் இருமுனை தலைகீழாக இருக்கிறது. சோதனை தவறா, கணக்கு தவறா?

தவறு கணக்குப் போட்டவரிடம் இல்லை, முறையிலேயே இருந்தது. காலை எட்டு மணிக்கு கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறியிருக்கிறீர்களா? நாம் பெட்டிக்குள் நகர்வது சராசரிக் கூட்டத்தைப் பார்த்து அல்ல. எதிரே கூடையோடு வரும் அம்மாவுக்கு ஒதுங்கி, பக்கத்தில் இருப்பவர் தோளைச் சாய்த்தால் நாமும் சாய்ந்து நகர்கிறோம். ஹார்ட்ரி - ஃபாக் முறையில் ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரியை மட்டும் பார்க்கிறது, இந்தப் பரஸ்பர ஒதுங்கல் கிடையாது. பெரிய இருமுனை உள்ள மூலக்கூறுகளில் அந்தப் பிழை தெரியாமல் போகும். இங்கே மிச்சமே துளிதான், அந்தத் துளியைப் பிழை விழுங்கிவிட்டது. 1967இல் கிரிமால்டி, லெக்கூர், மோசர் ஆகியோர் அந்த ஒதுங்கலையும் ஓரளவு சேர்த்துக் கணித்தபோது குறி திரும்பி, கார்பன் மைனஸ் ஆனது. 1975இல் மியூன்டர் மிகத் துல்லியமாக 0.1098 டிபை என்று அளந்தார். புதிய கணக்கு முறை யார் கொண்டுவந்தாலும் முதலில் "கார்பன் மோனாக்சைடுக்குக் குறி சரியா வருதா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பின்னாளில் நம் நாட்டிலும் இந்த 'ஒதுங்கல்' கணக்கில் பேர் எடுத்தவர்கள் உண்டு. ராமனும் கிருஷ்ணனும் இருந்த அதே கல்கத்தா கழகத்தில் தேபாஷிஸ் முகர்ஜி, புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சௌரவ் பால். மூலக்கூறைச் சுற்றி மின்னழுத்தம் மேடும் பள்ளமுமாக எப்படி இருக்கிறது என்று வரைபடம் போட்டவர் புனே பல்கலைக்கழகத்தின் ஸ்ரீதர் காட்ரே.

இனி அந்த மாணவியின் வாதத்துக்கு வருகிறேன். அவர் சொன்ன விடை சரி. காரணம் பாதி சரி. இரும்போடு கார்பன் முனை ஒட்டுவது உண்மை. ஆனால் அந்த 0.11 டிபை மைனஸ் இழுப்பதால் அல்ல, அது மிகச் சொற்பம். கார்பனின் வெளிப்பக்கம் ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டை, கை நீட்டியது போல வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அதைத்தான் உலோகம் பிடித்துக்கொள்கிறது. உலோகமும் பதிலுக்குத் தன் எலக்ட்ரானைக் கொஞ்சம் கொடுத்து முடிச்சை இறுக்குகிறது. மூலக்கூறின் கார்பன் நுனி மைனஸாவதற்கும் இந்த நீட்டிய கைதான் பெரும் காரணம்.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். மூலக்கூறைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் அடர்த்தியை அணுவாரியாகப் பங்கிட்டால், பேடரின் முறைப்படி, கார்பன் ஓர் எலக்ட்ரானுக்கும் மேல் இழந்து நிற்கிறது! அப்படியானால் கார்பன் ப்ளஸ், ஆனால் மூலக்கூறின் கார்பன் முனை மைனஸ். முரண் இல்லை. கார்பனுக்கு மிஞ்சிய எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்குப் பின்னால், வெளிப்பக்கம் தள்ளி நிற்கின்றன. திருப்புத்திறனில் தூரமும் பெருக்கலில் வருகிறதே. வேறு பங்கீட்டு முறை எடுத்தால் அணுவின் சுமை வேறு எண் வரும். கருவி வைத்து அளக்க முடிந்தது மொத்த இருமுனையை மட்டும்தான். தனி அணுவின் சுமை நாம் கிழிக்கும் எல்லைக்கோட்டைப் பொறுத்தது, சர்வே நம்பர் மாதிரி. அன்று நான் கரும்பலகையில் போட்ட ப்ளஸ் மைனஸ் அணுக்களைப் பற்றியது என்று வாதாடி இப்போது தப்பித்துவிடலாம். ஆனால் அன்று நான் பேசியது மூலக்கூறைப் பற்றித்தான்.

இந்தச் சின்ன இருமுனைக்கு நம் பக்கத்தில் அன்றாட வேலை ஒன்றும் இருக்கிறது. ஜி.என்.டி. ரோட்டில் பெட்ரோல் பங்க் ஓரமாகப் புகைச் சான்று கொடுக்கும் வண்டி நிற்குமே, அதில் குழாயைச் சைலன்சரில் செருகியதும் கார்பன் மோனாக்சைடு சதவீதம் வருவது எப்படி? இந்த மூலக்கூறின் பிணைப்பு நீண்டு சுருங்கி அதிரும்போது இருமுனை மாறுகிறது, அதனால் 4.67 மைக்ரான் அகச்சிவப்புக் கதிரை விழுங்குகிறது. காற்றில் நிறைந்திருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இருமுனை இல்லாததால் கதிரை அப்படியே விட்டுவிடுகின்றன. கருவிக்குக் குழப்பம் இல்லை. இருமுனை இவ்வளவு சிறிதாக இருந்தும் கதிரை இப்படி விழுங்குவதற்குக் காரணம், அது மாறும் வேகம் மிக அதிகம். 1.128 ஆங்ஸ்ட்ராம் நீளமுள்ள பிணைப்பை மூன்று, நான்கு சதவீதம் இழுத்தால் போதும், இருமுனை பூஜ்யமாகிவிடும். அதற்கு மேல் இழுத்தால் குறியே மாறி, ஆக்சிஜன் மைனஸ் ஆகிவிடும்.

அதே அகச்சிவப்புக் கருவி ஒன்றைச் சூளைப் பக்கமும் பொருத்தச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். சில மாதங்கள் அலைந்த பிறகு வந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எட்டு மணி நேர சராசரிக்கு 50 பிபிஎம் என்று அப்போது இருந்தது. அந்த எண்ணைச் சிவப்புப் பெயிண்டில் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். பிழைத்த ஃபிட்டர் அதன் முன்னால் நின்று, "இதுக்கு மட்டும் எப்படி சார் தெரியுது, எனக்குத் தெரியலயே?" என்று கேட்டார். மேலே எழுதியிருப்பதைத்தான் எனக்குத் தெரிந்த தமிழில் அவருக்குச் சொன்னேன். இந்த முறை கார்பன் பக்கம் மைனஸ் போட்டேன்.

1993இல் இரண்டாவது பெஞ்சிலிருந்து எழுந்து நின்ற அந்த மாணவியின் பெயர் எனக்குத் தெரியாது. அன்று கேட்டுக்கொள்ளவில்லை. 1994 பேட்ச் வேதியியல் மாணவிகள் யாராவது இதைப் படித்தால், அவரை அடையாளம் கண்டால், சங்க அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் கேட்டது சரி, நான் சொன்னது தப்பு என்பதை அவரிடமே நேரில் சொல்ல வேண்டும். ஒன்றுகூடல் அன்று நான் காலையிலிருந்தே வேதியியல் துறை வராந்தாவில் இருப்பேன்.